கணினி சாகவில்லை, பாடை கட்டுவது நாம்தான்!



2025 நவம்பரில் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. கணினி அறையில் இருக்கும் பன்னிரண்டு மடிக்கணினிகளையும் கழித்துவிட்டுப் புதியவை வாங்க வேண்டும், அதற்காக நன்கொடை விருந்து ஒன்று நடத்த வேண்டும் என்பதே அத்தீர்மானம். அந்தப் பன்னிரண்டும் 2016-ஆம் ஆண்டில் இதே சங்கம் நடத்திய இன்னொரு விருந்தில் திரட்டிய பணத்தில் வாங்கியவை. மேசைக்கு இத்தனை வெள்ளி என்று வீடு வீடாகச் சென்று சீட்டு விற்ற பெற்றோருள் நால்வர் இன்னும் செயலவையில் இருக்கின்றனர்.

"என்ன கெட்டுப் போயிற்று?" என்று கேட்டேன்.

"கடைக்காரரே வந்து பார்த்துட்டுச் சொல்லிட்டாரு, சார். விண்டோஸ் பத்து நின்னு போச்சாம். பதினொன்னு இதுல ஏறாதாம். இனிமே குப்பைதான்" என்றார் ஒரு தந்தை.

திரை எரிகின்றது. விசைப்பலகை வேலை செய்கின்றது. மின்கலம் சற்றுத் தளர்ந்திருக்கிறது; ஆனால், கணினி அறையில் அவை எப்போதும் மின்கம்பியோடுதான் இருக்கும். கெட்டுப்போனது எது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலவில்லை. ஆயினும், குப்பை என்று முடிவாகிவிட்டது! புதிய கணினி ஒன்றுக்கு ஈராயிரம் வெள்ளி என்று கணக்கிட்டால் பன்னிரண்டுக்கு இருபத்து நாலாயிரம் வெள்ளி. அதை யார் தருவார்? மீண்டும் அதே தோட்டத்துப் பெற்றோர், அதே தொழிற்சாலைத் தொழிலாளர், அதே சிறு வணிகர்கள்.

அன்றைக்கு நான் கேட்ட கேள்வியையும் அதற்குப் பின்னர் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

யார் வைத்த கெடு?

முதலில் உண்மையைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. தனிப்பட்ட பயனர்களுக்குப் பாதுகாப்பு இற்றைகளை மேலும் ஓராண்டு, அஃதாவது 2026 அக்டோபர் 13 வரை, பெற்றுக்கொள்ள ஒரு வழியை வைத்தது. அவ்வளவே. அந்த நாளில் எந்தக் கணினியின் சில்லும் எரிந்துபோகவில்லை. ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியில் ஒரு தாள் கிழிக்கப்பட்டது. அது மட்டுமே நடந்தது.

"அப்படியானால் விண்டோஸ் 11-க்கு மாறலாமே?" என்பீர்கள். 2021 அக்டோபரில் வெளிவந்த அந்த இயங்குதளம் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இண்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கின்றது. எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வரத் தொடங்கியது 2017-இன் பிற்பகுதியில். எனவே, 2017-இன் தொடக்கத்தில் ஒருவர் கடையிலிருந்து புத்தம் புதிதாக வாங்கிவந்த ஏழாம் தலைமுறை மடிக்கணினி, நான்கே ஆண்டுகளில் 'தகுதியற்றது' ஆகிவிட்டது. நம் வீட்டு அரைவை இயந்திரம் நான்கு ஆண்டுகளில் இப்படி விலக்கப்பட்டால் விற்றவன் சட்டையைப் பிடிக்க மாட்டோமா? கணினி என்றால் மட்டும் ஏன் கைகட்டி நிற்கின்றோம்?

ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறேன். பாதுகாப்பு இற்றைகள் நின்றுபோன இயங்குதளத்தோடு இணையத்தில் உலவுவது தீங்கானது. "ஒன்றும் ஆகாது, அப்படியே ஓட்டுவோம்" என்று சொல்வோரோடு நான் சேரவில்லை. அது பூட்டில்லாத வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்கு ஒப்பாகும். ஆனால், பூட்டுப் பழுதானால் பூட்டை மாற்றுவோமா, வீட்டை இடிப்போமா? பழுதுபட்டது இயங்குதளத்திற்கான ஆதரவு. மாற்றவேண்டியது இயங்குதளத்தை. கணினியை அன்று!

மாற்று என்று ஒன்று உண்டா?

உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து நாட்டு மாணவர் 1991-இல் லினக்ஸ் கருவகத்தை வெளியிட்டார். இவ்விரண்டும் கூடி வளர்ந்ததைத்தான் நாம் சுருக்கமாக லினக்ஸ் என்கிறோம். யாரும் எடுக்கலாம், எத்தனை கணினியிலும் நிறுவலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். இதனால்தான் இதனைக் கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் அழகாகச் சொல்கின்றனர்.

"லினக்ஸா? அதெல்லாம் கணினி நிபுணர்களுக்கு" என்று சொல்லும் நண்பர்களே, உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்கிறதா? அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கருவகம். 2010-களில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் கணினிகளைப் பயன்படுத்தினீர்களா? அவற்றின் அடியிலும் அதுவே. உலகின் தலையாய ஐந்நூறு மீத்திறன் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் அல்லாத கணினி ஒன்றுகூட இல்லை. நீங்கள் அறியாமலேயே பல்லாண்டுகளாக லினக்ஸ் பயனராக இருக்கின்றீர்கள். பெயரைக் கேட்டதும் மட்டும் அஞ்சுகின்றீர்கள்.

நம் அரசாங்கத்திற்கும் இது புதிதன்று. பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அந்நாளைய மாம்பு அமைப்பு 2004-ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. வழி காட்டப்பட்டது. நடக்க மறுத்தவர்கள் நாம்.

நான் கேட்ட மறுப்புகள்

கூட்டத்தில் நான் இதைச் சொன்னவுடன் ஐந்து மறுப்புகள் எழுந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மறுப்பு ஒன்று: "கடினம்."

எது கடினம்? உலாவியைச் சொடுக்குவதா? கோப்பைச் சேமிப்பதா? லினக்ஸ் மின்ட் என்ற வழங்கலைத் திறந்தால் இடப்பக்கக் கீழ்மூலையில் பட்டியல் பொத்தான் இருக்கும். கீழே பணிப்பட்டை இருக்கும். சாளரத்தை மூட மேல்மூலையில் குறி இருக்கும். விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மாறியபோது பட்ட பாட்டைவிட இது எளிது. ஆசிரியர்களாகிய நாம் புதிய பாடத்திட்டம், புதிய மதிப்பீட்டு முறை, புதிய இணையத் தளம் என்று ஆண்டுதோறும் கற்றுக்கொண்டேதான் இருக்கின்றோம். அதிகாரம் மேலிருந்து சொன்னால் கற்கின்றோம். நாமே நமக்காகக் கற்க வேண்டும் என்றால் மட்டும் 'கடினம்' வந்துவிடுகிறது!

மறுப்பு இரண்டு: "தமிழ் வராது."

இதைச் சொன்னவர் ஒரு தமிழாசிரியர். அதனால்தான் எனக்கு மிகவும் வலித்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் முறை, பழைய தட்டச்சு முறை, இன்ஸ்கிரிப்ட் எனப் பல விசைப்பலகைகள் கிடைக்கின்றன. நோட்டோ, லோகித் போன்ற ஒருங்குறி எழுத்துருக்கள் இலவசமாகவே உள்ளன. லிப்ரே ஆபிஸ் அலுவலகத் தொகுப்பின் பட்டியல்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். டெபியன் என்ற வழங்கலை வரைகலை முகப்பில் நிறுவும்போது, நிறுவும் பணியையே தமிழில் நடத்தலாம். சில இடங்களில் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை என்பதும், சில சொற்கள் நம் காதுக்கு முரடாக இருக்கின்றன என்பதும் உண்மைதான். ஆனால், அவற்றைத் திருத்தும் உரிமை நமக்கு இருக்கின்றது. மற்ற இயங்குதளத்தில் ஒரு சொல் பிழையாக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெருமூச்சு விடுவீர்கள்.

மறுப்பு மூன்று: "வேர்டும் பவர்பாயிண்டும் இல்லாமல் எப்படி?"

மைக்ரோசாப்ட் ஆபிஸின் நிறுவும் பதிப்பு லினக்ஸில் நேரடியாக ஓடாது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. லிப்ரே ஆபிஸ் அக்கோப்புகளைத் திறக்கும், திருத்தும், அதே வடிவில் சேமிக்கும். சிக்கலான அட்டவணைகளும் அலங்காரமான காட்சி வில்லைகளும் சில வேளைகளில் இடம் மாறும். ஆனால், நம் மாணவன் எழுதப் போவது என்ன? ஒரு கட்டுரை, ஒரு கடிதம், நான்கைந்து படவில்லைகள். கல்வி அமைச்சின் டெலிமா தளமும் கூகல் வகுப்பறையும் உலாவியில் ஓடுகின்றன. பயர்பாக்ஸோ குரோமோ இருந்தால் போதும். விண்டோஸில் மட்டுமே ஓடும் அலுவல் மென்பொருள் ஏதேனும் பள்ளி நிருவாகத்திற்குக் கட்டாயம் என்றால், அலுவலகத்தில் ஒரு கணினியை அதற்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றுக்காகப் பன்னிரண்டையும் பலியிட வேண்டுமா?

மறுப்பு நான்கு: "பிள்ளைகள் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் விண்டோஸ்தானே இருக்கும்?"

இன்று ஒன்பது வயதுப் பிள்ளை வேலைக்குப் போகப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகும். அன்றைக்கு எந்த நிறுவனத்தின் எந்தப் பொத்தான் எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் பயிற்சிக் கல்லூரியில் கற்ற மென்பொருள் எதுவும் இன்று புழக்கத்தில் இல்லை. ஆனால், கோப்பு என்றால் என்ன, அதை எங்கே வைப்பது, எப்படித் தேடுவது, பிழை வந்தால் எப்படி வாசித்துப் புரிந்துகொள்வது என்று அன்று கற்றவை இன்றும் உதவுகின்றன. பள்ளி கற்பிக்க வேண்டியது கணினியை; ஒரு கடையின் பொருளை அன்று. கேரள மாநிலம் தன் அரசுப் பள்ளிகளை ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தின்வழி குனு லினக்ஸுக்குக் கொண்டுபோனது. அங்குப் படித்த பிள்ளைகள் வேலையின்றித் தெருவில் நிற்கவில்லை.

மறுப்பு ஐந்து: இது உரக்கச் சொல்லப்படவில்லை. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது என் காதருகே வந்தது. "எதுக்கு சார் இவ்வளவு சிரமம்? எப்படியாவது பதினொன்ன ஏத்திக் குடுக்குற ஆளு இருக்காரு. உரிமமெல்லாம் கேக்க வேணாம்."

ஆசிரியப் பெருமக்களே! காலையில் நன்னெறிக் கல்வி வகுப்பில் நேர்மையைப் பற்றிப் பாடம் நடத்துகின்றோம். மாலையில் திருட்டுப் படி ஏற்றிய கணினியில் அந்தப் பாடத்திற்கான பயிற்றியைத் தட்டச்சு செய்கின்றோம். ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் அங்காடிகளில் குறுந்தட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. நானும் வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. வேறு வழி தெரியாததால் வாங்கினோம் என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் ஒன்று கண்முன் இருக்கும்போது திருடுவதற்கு என்ன சமாதானம்? 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை

பேசிக்கொண்டிருந்தால் போதாது என்று தலைமையாசிரியரிடம் ஒரு சனிக்கிழமை கேட்டேன். கொடுத்தார். ஆறாம் ஆண்டு மாணவர் எண்மரும் பெற்றோர் மூவரும் வந்தனர்.

செய்தது இதுதான். வீட்டில் முன்னதாகவே லினக்ஸ் மின்ட் வழங்கலின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் பதிவிறக்கி வைத்திருந்தேன். கோப்பு ஏறத்தாழ 3 ஜிகாபைட். அதை ரூபஸ் என்ற சிறு மென்பொருளால் 8 ஜிகாபைட் விரலிகள் நான்கில் எழுதிக்கொண்டேன். இப்பதிப்புக்குக் குறைந்தது 2 ஜிகாபைட் நினைவகம் வேண்டும், 4 இருந்தால் வசதி என்பது அவர்களின் பரிந்துரை. எங்கள் கணினிகளில் 4 இருந்தது.

முதல் விதி, பழைய கோப்புகளைப் படியெடுப்பது. நிறுவும்போது வட்டு முழுவதும் அழியும். பன்னிரண்டு கணினிகளிலும் இருந்த படங்களையும் தேர்வுத்தாள்களையும் வெளிவட்டு ஒன்றில் சேர்த்தோம். இதற்குத்தான் நெடுநேரம் பிடித்தது.

அடுத்து, விரலியைச் செருகிக் கணினியை இயக்கும்போதே எஃப்12 விசையை அழுத்தினோம். சில கணினிகளில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். விரலியைத் தெரிவு செய்தால், வட்டில் எதையும் தொடாமலேயே லினக்ஸ் முழுமையாக ஓடத் தொடங்கும். வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கும் மகிழுந்தைப் போல! அருகலை வருகின்றதா, ஒலி கேட்கின்றதா, படக்கருவி வேலை செய்கின்றதா என்று மாணவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துத் தாளில் குறித்தனர். எல்லாம் சரியென்று கண்ட பிறகே நிறுவும் குறியைச் சொடுக்கினோம். விசைப்பலகை, நேர வலயம், பயனர் பெயர், கடவுச்சொல் என நான்கைந்து கேள்விகள். அரைமணி நேரம். முடிந்தது.

எல்லாம் வெண்ணெயில் கத்தி போனது போலப் போகவில்லை. ஒரு கணினியில் அருகலை வரவில்லை. அதன் வலைச்சில்லுக்குத் தனி இயக்கி தேவைப்பட்டது. கைப்பேசியைக் கம்பியால் இணைத்து இணையம் கொடுத்து, இயக்கி மேலாளர் வழியாக அதை நிறுவினோம். ஒன்றின் தாய்ப்பலகை உண்மையிலேயே செத்திருந்தது. ஒன்றின் திரை உடைந்திருந்தது. இன்னொன்றின் வன்தட்டு கரகரவென்று ஒலி எழுப்பி நின்றுபோனது. ஒன்பது எழுந்து நின்றன. சாய்ந்த மூன்றிலிருந்தும் நினைவகச் சில்லுகளைக் கழற்றி மற்ற மூன்றுக்குப் போட்டோம். அவை 8 ஜிகாபைட் ஆயின.

ஒன்றில் மட்டும் சுழலும் வன்தட்டை அகற்றிவிட்டு, ஏறக்குறைய நூறு வெள்ளிக்கு வாங்கிய எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்திக் காட்டினேன். பழைய கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் செயலி காரணமன்று. சுழன்று சுழன்று தேடும் வட்டுதான் காரணம். இதைத் தெரிந்துகொண்டதும் ஒரு தந்தை தம் வீட்டுப் பரணிலிருந்து இன்னொரு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எல்லை தாண்டிப் பேச நான் விரும்பவில்லை. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது ஆசிரியர்களுக்குக் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளை எடுத்துவராதீர்கள். அவற்றுக்கு ஓய்வு கொடுப்பதே முறை. டெபியன்கூட 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. நான் சொல்வது ஏறத்தாழ 2010-க்குப் பின் வாங்கிய 64 பிட் கணினிகளைப் பற்றி. இன்னொன்று: அரசாங்கச் சொத்தாகப் பதிவான கணினியில் எவரும் தன்விருப்பமாகக் கைவைக்கக் கூடாது. அதற்கென்று பதிவேடும் கழிவு நடைமுறையும் உண்டு. எங்களுடையவை சங்கம் வாங்கியவை. அப்படியிருந்தும் எழுத்துவழி ஒப்புதல் பெற்ற பின்னரே தொட்டோம்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை?

இப்படியும் கேட்டனர். "நீங்கள் தமிழ் கற்பிக்கிறவர், கணினியைக் கணினிக்காரரிடம் விடுங்கள்" என்றனர்.

என் பேழையில் 1990-களின் இறுதியிலிருந்து நான் தட்டச்சு செய்த தேர்வுத்தாள்கள், கட்டுரைகள், நாடகங்கள் உள்ளன. ஒருங்குறி பரவுவதற்கு முந்திய காலம். எழுத்துருவோடு கட்டுண்ட குறியாக்கத்தில் அவை எழுதப்பட்டவை. கணினி மாறியது, எழுத்துரு போயிற்று. ஒரு நாள் திறந்து பார்த்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகள் மட்டுமே இருந்தன. குறியாக்க மாற்றிகளைக் கொண்டு சிலவற்றை மீட்டேன். சில இன்னும் ஊமையாகவே கிடக்கின்றன. ஒரு மாணவனின் நூற்றாண்டு விழா நாடகமும் அவற்றுள் ஒன்று. என் சொல் என் கையில் இல்லை, அதைத் திறக்கும் சாவி வேறெங்கோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அன்று முதல் கோப்பின் வடிவமும் இயங்குதளமும் எனக்குத் தமிழ்ப் பாடத்தின் பகுதிகளாகிவிட்டன. லிப்ரே ஆபிஸின் திறந்த ஆவண வடிவம் 2006 முதல் அனைத்துலகத் தரமாக இருப்பதும், அதன் விதிகளை எவரும் படிக்கலாம் என்பதும் எனக்கு வெறும் தொழில்நுட்பச் செய்திகள் அல்ல.

நம் மண்ணின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கியபோது எந்தப் பெருநிறுவனமும் தமிழுக்காகக் காத்திருக்கவில்லை. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி ஓர் ஆசிரியர், எழுத்தாளர். தமிழை இணையத்தில் ஏற்ற 1990-களில் அரும்பாடுபட்டு, 1997-இல் சிங்கையில் தமிழ் இணைய மாநாட்டுக்கு வழி வகுத்தார். 1999-இல் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. 2001-இல் அம்மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. அவர்கள் படைத்தவை அனைத்தும் கட்டற்ற மென்பொருள்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், 'இது தமிழுக்கு வராது' என்று கடைக்காரன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவர்களின் வழிவந்த நாம், 'இது இனிக் குப்பை' என்று ஒரு கடைக்காரர் சொன்னவுடன் கையெழுத்துப் போடுகின்றோம்!

தமிழ்ப்பள்ளிக்காரர்களாகிய நமக்கு இச்சொல் புதிதா? மாணவர் குறைந்த பள்ளி, காலாவதியான மொழி, எதிர்காலமில்லாத கல்வி என்று எத்தனை பேர் நமக்கு நாள் குறித்திருக்கின்றனர்! 1816-இல் பினாங்கில் தொடங்கிய ஒரு வகுப்பிலிருந்து இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக நிற்கின்றோம். பிறர் குறித்த நாளை நாம் ஏற்கவில்லை. அதனால்தான் நிற்கின்றோம். மொழிக்குப் பொருந்தும் மானம் மேசைமேல் இருக்கும் கருவிக்குப் பொருந்தாதா?

தூக்கியெறிந்தால் அது எங்கும் மறைந்துவிடுவதும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. அறிவியல் பாடத்தில் சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லிவிட்டு, ஓடும் கணினியைக் கழிவில் சேர்ப்பது எந்த அறிவியல்?

என்ன செய்யலாம்?

ஒன்று: 'பழையது' என்று எவர் சொன்னாலும், எந்த உறுப்பு பழுது என்று கேளுங்கள். உறுப்பின் பெயரைச் சொல்ல முடியாதவரின் பேச்சைக் கேட்டுப் பணம் திரட்டாதீர்கள்.

இரண்டு: புதிய கணினி வாங்கும் தீர்மானத்திற்கு முன், விரலியிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். ஒரு கணினிக்குப் பத்து நிமிடம் போதும்.

மூன்று: மாணவர்களையே இதைச் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை எண்மரும் கற்றது ஓராண்டுப் பாடநூலில் இல்லை.

நான்கு: மொழிபெயர்ப்பில் பிழை கண்டால் முணுமுணுக்காமல் திருத்தி அனுப்புங்கள். தமிழாசிரியரைவிட இதற்குத் தகுதியானவர் யார்?

ஐந்து: சங்கத்தின் பணத்தை முதலில் வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைகளுக்காகச் செலவிடுங்கள்.

இந்த ஐந்தாவதற்காகவே இத்தனையும் எழுதினேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, என் வகுப்பில் சில பிள்ளைகள் நாள் முழுதும் காணாமற் போயினர். வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி. அது அம்மாவோடு தொழிற்சாலைக்குப் போய்விடும். இரவு பத்து மணிக்கு மேல் பயிற்சி வந்து சேரும், பாதி எழுதியபடி. அந்நாளில் எத்தனை அலுவலகங்களிலும் வீட்டுப் பரண்களிலும் 'பழைய' மடிக்கணினிகள் தூசு படிந்து கிடந்தன என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு சுடுகிறது. என் வீட்டிலேயே ஒன்று கிடந்தது. நானும் அதைக் குப்பை என்றே நம்பியிருந்தேன்.

எழுந்து நின்ற ஒன்பதில் நான்கைச் சங்கம் இப்போது பிள்ளைகளுக்கு வீட்டிரவல் கொடுக்கின்றது. நூல்நிலையப் புத்தகம் போலக் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். விருந்துத் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. கைவிடப்படவில்லை, தள்ளிவைப்பு மட்டுமே. அடுத்த கூட்டத்தில் மீண்டும் வாதிட வேண்டியிருக்கும். அதற்கும் அணியமாகவே இருக்கின்றேன்.

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி மின்னஞ்சலில் ஒரு கட்டுரை அனுப்பினாள். மாலை ஐந்து மணிக்கு வந்தது, முழுமையாக வந்தது. ஒற்றுப் பிழைகள் ஆறு இருந்தன. சிவப்பில் திருத்தி அனுப்பினேன். 'குப்பை' என்று கடைக்காரர் தள்ளிய கணினி ஒன்றில் எழுதிய கட்டுரை அது.

உங்கள் பள்ளியின் பூட்டிய அறைக்குள் எத்தனை கிடக்கின்றன? நாளைக்கே திறந்து பாருங்கள், அன்பர்களே.

சிந்திப்போம், செயல்படுவோம்.